குறிப்பேடும் கணினியும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகெங்கும் அறியப்பெற்ற நகரமாகும். அந்நகரை அடுத்து முதலிபாளையம் என்னும் ஊர் உள்ளது. அங்கே சிட்கோ நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. பின்னலாடைத் தொழிலைக் கற்பிப்பதற்கென்றே திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் எழுந்த கல்லூரியும் அவ்வூரிலேயே இருக்கிறது. சாலையில் செல்வோர்க்கு அங்குள்ள தொழிற்கூடங்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே நடைபெறும் வேலைகளோ பல திறத்தன.

சட்டைப்பையில் மடித்து வைக்கத்தக்க மெல்லிய பனியன் ஒன்று உருவாவதற்கு எத்தனை வேலைகள் நடைபெற வேண்டும்! முதலில் பருத்தி நூல் வாங்கப்பெறுகிறது. வட்டப் பின்னல் எந்திரங்கள் அந்நூலைத் துணியாகப் பின்னுகின்றன. துணி சாயப்பட்டறைக்குச் சென்று நிறம் பெறுகிறது. துவைத்தால் சுருங்காதவாறு காம்பாக்டிங் என்னும் எந்திரத்தில் பதப்படுத்தப்படுகிறது. பின்னர் அளவுக்கேற்ப வெட்டப்படுகிறது. வெட்டிய துண்டுகள் பிரிண்டிங் பட்டறைக்குச் சென்று படமோ எழுத்தோ பெற்றுத் திரும்புகின்றன. அதன் பின்னரே தையல் தொடங்கும். ஓவர்லாக், பிளாட்லாக் முதலிய எந்திரங்களில் தைத்து, பிசிறு நீக்கி, குறை உள்ளவற்றைப் பிரித்தெடுத்து, தேய்த்து மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிய பிறகுதான் அது கப்பலேறத் தகுதி பெறுகிறது.

இத்தனை வேலைகளும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதாக எண்ணிவிடுதல் கூடாது. பெரிய ஆலைகள் சிலவற்றில் அவ்வாறு நடைபெறுதல் உண்டு. ஆனால் திருப்பூர் வட்டாரத்தின் சிறப்பியல்பு வேறு. பின்னுபவர் ஒருவர், சாயமிடுபவர் மற்றொருவர், பிரிண்டிங் செய்பவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டறை உடையவர். ஒருவர் கொடுக்கும் பொருளில் தம் வேலையை மட்டும் செய்து, கூலி பெற்றுத் திருப்பித் தருவதை ‘ஜாப் ஒர்க்’ என்று அங்கே வழங்குவர். ஆகவே ஓர் ஆர்டரை முடிக்கும் குழுவினர் ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர் அல்லர். ஊர் முழுதும் பரந்து கிடக்கும் பட்டறைகளே அக்குழு. இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் செய்திகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படையாகும்.

இப்பட்டறைகள் அனைத்தையும் ஒரு நூலிற் கோத்தாற்போல நடத்திச் செல்பவரை மெர்ச்சன்டைசர் என்பர். அயல்நாட்டு வணிகர் ஆர்டர் தரும்பொழுதே சரக்கு கப்பலேற வேண்டிய நாளையும் குறித்துவிடுவர். கோடைக்கு உரிய ஆடை கோடை கழிந்தபின் கடைக்கு வந்தால் அதனை வாங்குவார் யார்? தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலைத் தவறவிட்டால், சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும். விமானக் கட்டணமோ கப்பற் கட்டணத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. தாமதம் யாருடையதோ அவரே அச்செலவை ஏற்றல் வேண்டும். அந்த ஓர் ஆர்டரில் கிடைக்கவிருந்த ஊதியம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடுதலும் உண்டு. திருப்பூரில் தையற்காரர்க்கும் கைமடி வேலை செய்யும் பெண்களுக்கும் சனிக்கிழமை தோறும் வாரக்கூலி கொடுப்பது வழக்கம். ஒரு சிறு கம்பெனிக்கு வந்த விமானச் செலவு, அடுத்த சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டு அடுப்பிலேயே உணரப்படும். அதனைத் தவிர்ப்பதற்காக இறுதி வாரத்தில் இரவு முழுதும் தைப்பவரும் அவர்களே.

ஆதலின், எந்த வேலை எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடிய வேண்டும் என்னும் கணக்கு இத்தொழிலின் உயிர்நாடியாகும். இதனை ‘டைம் அண்டு ஆக்‌ஷன் காலண்டர்’ என்று தொழிலில் கூறுவர். நெடுங்காலமாக இக்கணக்கு நீண்ட குறிப்பேட்டில்தான் எழுதப்பெற்று வந்தது. இன்றும் பல இடங்களில் அவ்வாறே எழுதப்பெறுகிறது. குறிப்பேட்டை இகழ்தல் தகாது. அதற்கு மின்சாரம் வேண்டா, பயிற்சி வேண்டா, மழைக்கு ஒதுங்கி நின்றபடியும் எழுதலாம். அதன் குறை வேறு. அஃது ஒருவர் கையில் மட்டும் இருப்பது. அவர் காய்ச்சலாகப் படுத்துவிட்டால், பச்சைத்துணி எந்தச் சாயப்பட்டறையில் நிற்கிறது என்பதைச் சொல்வார் இல்லை. மற்றொரு குறையும் உண்டு. ஒரு வேலை தாமதமானால் அதனைத் தொடர்ந்து எந்தெந்த வேலைகள் தாமதமாகும் என்பதைக் குறிப்பேடு தானே எடுத்துக் கூறாது. எழுதியவர் நினைத்துப் பார்த்தால்தான் உண்டு.

இவ்விடர்ப்பாடு திருப்பூருக்கு மட்டும் உரியது அன்று. போலந்து நாட்டுப் பொறியியலறிஞர் கரோல் ஆதமியெத்ஸ்கி என்பவர், 1896-ஆம் ஆண்டிலேயே வேலைகளின் ஒழுங்கை ஒரு வரைபடமாக அமைத்துக் காட்டினார். அவர் எழுதியது பிற நாடுகளில் பரவவில்லை. அமெரிக்கராகிய ஹென்றி காண்ட் என்பவர் 1910-க்குப் பின் வகுத்த படமே உலகெங்கும் பரவிற்று. அப்படத்தில் இடமிருந்து வலமாக நாட்கள் செல்லும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிடைக்கோடு இருக்கும். கோட்டின் நீளமே அவ்வேலைக்கு வேண்டிய காலம். முதல் உலகப் போரில் அமெரிக்கர் கப்பல் கட்டும் பணியிலும் இப்படங்களைப் பயன்படுத்தினர். இன்று கணினித் திரையில் காணப்படும் வண்ணப் பட்டைகள் எல்லாம் அக்கோடுகளின் வழிவந்தவையே. எனினும் காண்ட் வரைந்த பழைய படத்தில், ஒரு கோடு மற்றொரு கோட்டைச் சார்ந்து நிற்பது தெளிவாக விளங்குவதில்லை.

அக்குறையை நீக்கியவர்கள் இரு திறத்தார். 1957-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் வேதிப்பொருள் நிறுவனத்தைச் சார்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சார்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து ‘கிரிட்டிகல் பாத்’ என்னும் முறையைக் கண்டனர். அடுத்த ஆண்டில், போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக அமெரிக்கக் கடற்படையினர் ‘பெர்ட்’ என்னும் முறையை வகுத்தனர். இரண்டிற்கும் கருத்து ஏறத்தாழ ஒன்றே. தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்லும் வேலைத் தொடர்களுள் மிக நீண்டது எது எனக் காணவேண்டும். அதனை உயிர்வழி எனலாம். அவ்வழியில் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது நன்கு விளங்கும். பனியன் ஆர்டர் ஒன்று வந்துள்ளது என்று கொள்வோம். நூல் வாங்க 7 நாள். பின்ன 10 நாள். சாயமிட்டுப் பதப்படுத்த 12 நாள். வெட்ட 4 நாள். பிரிண்டிங் செய்ய 6 நாள். தைக்க 15 நாள். தேர்ந்து, தேய்த்து, பெட்டியிலிட 6 நாள். இவற்றைக் கூட்டினால் 60 நாள் ஆகும். இவற்றோடு வேறு சில வேலைகளும் உடன் நடைபெறுகின்றன. சாயத்தின் நிறம் சரிதானா என்று சிறு துண்டில் தோய்த்து அனுப்பி, வாங்குவோரின் இசைவைப் பெறவேண்டும். அதனை ‘லேப் டிப்’ என்பர். அதற்கு 10 நாள். கழுத்தில் தைக்கும் லேபிள் வந்துசேர 20 நாள்.

துணி பின்னி முடிய 17 நாள் ஆவதால், நிறத்திற்கு உரிய இசைவு 17-ஆம் நாளுக்குள் வந்தால் போதும். அதாவது அவ்வேலைக்கு 7 நாள் ஓய்வு உண்டு. லேபிள் தேவைப்படுவது தையல் தொடங்கும்பொழுது, அதாவது 39 நாள் கழிந்த பின்னர். ஆகவே அதற்கு 19 நாள் ஓய்வு உண்டு. லேபிள் ஐந்து நாள் பிந்திவிட்டது என்று ஒருவர் பதறினால், அப்பதற்றம் வீண். சாயப்பட்டறையில் ஒரே ஒரு நாள் பிந்துவதே அஞ்சத்தக்கது. ஆயின் இந்நிலை என்றும் ஒருபடித்தாய் இருப்பதில்லை. அனுப்பிய நிறத்தை வாங்குவோர் ஏற்காமல், மீண்டும் தோய்த்து அனுப்ப நேர்ந்து, 10 நாள் வேலை 20 நாள் ஆகிவிட்டால்? பின்னிய துணி 17-ஆம் நாளில் ஆயத்தமாய் இருந்தும் மூன்று நாள் வீணே காத்திருக்கும். அப்பொழுது நிறத்திற்குரிய இசைவே உயிர்வழியாக மாறிவிடுகிறது. முழு வேலைக்கும் 63 நாள் ஆகும். நேற்றுவரை எவரும் பொருட்படுத்தாத வேலையே இன்று கப்பலைத் தவறவிடச் செய்கிறது!

இருபது ஆர்டர்கள் ஒரே சமயத்தில் நடைபெறும் கம்பெனியில், இக்கணக்கை நாள்தோறும் மனத்தால் போட்டுப் பார்த்தல் எளிதன்று. கணினி உதவிக்கு வருவது இவ்விடத்தில்தான். ஒரு நாளை மாற்றினால், அதனைச் சார்ந்த நாட்கள் அனைத்தையும் அது நொடியில் மாற்றிக் காட்டும்.

முன்பு இத்தகைய கணக்கிற்குப் பெருங்கணினி வேண்டியிருந்தது. டூபாண்டில் நடைபெற்ற முதல் முயற்சிக்கு யூனிவாக் என்னும் அறையளவான கணினி பயன்பட்டது. 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் வந்தபின் சிறு வணிகரும் கணினியை நாடலாயினர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திட்ட மேலாண்மைக்கென ‘புராஜெக்ட்’ என்னும் மென்பொருளை 1984-இல் வெளியிட்டது. இப்பொழுது அத்தகையவை எண்ணில் அடங்கா. ஆஸ்திரேலியாவில் தோன்றிய அட்லாசியன் நிறுவனம் 2002-இல் ‘ஜிரா’வை வெளியிட்டது, காட்ஸில்லா என்னும் திரைப்பட விலங்கின் சப்பானியப் பெயராகிய கோஜிரா என்பதிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பர். 2011-இல் வந்த ‘டிரெல்லோ’, வேலைகளைச் சிறு அட்டைகளாக்கிப் பலகையில் நகர்த்தும் முறையது. சப்பானில் டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ என்பார் கையாண்ட ‘கன்பன்’ அட்டைகளின் கருத்தே அதற்கு மூலம். தமிழ்நாட்டிலும் இத்துறை தழைத்துள்ளது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009-இல் சோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம் ‘சோஹோ புராஜெக்ட்ஸ்’ என்னும் மென்பொருளை வழங்குகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அந்நிறுவனத்தின் அலுவலகம் உண்டு.

இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரங்களைப் பார்ப்பவர், எதில் வசதிகள் மிகுதியாக உள்ளனவோ அதுவே சிறந்தது என்று முடிவு செய்துவிடுவர். தொழிலறிந்தவர் அவ்வாறு செய்யார். தம் வேலை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையே முதலில் ஆராய்வர். சென்ற ஆண்டில் பிந்திய ஆர்டர்கள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே, எத்தனை நாள், எதற்காகக் காத்திருந்தது என்று எழுதிப் பார்த்தால் போதும். வாங்குவோரின் இசைவுக்குக் காத்திருந்ததா? சாயப்பட்டறையில் காத்திருந்ததா? பணம் இல்லாமையால் நூல் வாங்கக் காத்திருந்ததா? மூன்றாவது காரணமாயின், எம்மென்பொருளை வாங்கினும் பயன் இல்லை.

ஒவ்வொரு கருவியும் தான் பிறந்த தொழிலின் சாயலை உடையது என்பதையும் மறத்தல் ஆகாது. ஜிரா, மென்பொருள் எழுதுவோர் தம் பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்துவதற்கென்று பிறந்தது. அதன் சொற்கள் பனியன் கம்பெனிக்கு அயலானவை. மேலும், பொதுவான திட்ட மென்பொருளில் ‘தையல் முடிந்தது’ என்று ஒரு குறி இடலாம். ஆனால் பின்னலாடையில் ஓர் ஆர்டர் என்பது ஒரு பொருள் அன்று. மூன்று நிறம், ஐந்து அளவு எனின் பதினைந்து வகை ஆகிறது. சிவப்பு நிறத்தில் பெரிய அளவு இருநூறு குறைந்தாலும் பெட்டியை மூட இயலாது. தையல் முடிந்தது என்ற குறியை நம்பி லாரியை வரவழைத்தவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. நாட்கணக்கைக் காட்டும் மென்பொருள் வேறு. நூல், துணி, பொத்தான், பணம் ஆகியவற்றின் இருப்பைக் காட்டும் ஈ.ஆர்.பி. என்னும் மென்பொருள் வேறு. ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றின் பயனை எதிர்பார்ப்பவர் பலர்.

இவற்றினும் பெரிய வினா ஒன்று உண்டு. கருவிக்குள் செய்தியை எழுதப்போகிறவர் யார்? மென்பொருள் எதனையும் தானே காணாது. சாயப்பட்டறையில் துணி கொதிகலனில் இருக்கிறதா, மூலையில் மூட்டையாகக் கிடக்கிறதா என்பதை ஒருவர் சொன்னால்தான் அது அறியும். மென்பொருளைத் தேர்ந்து வாங்குபவரோ குளிர்பதன அறையில் அமர்ந்திருக்கும் முதலாளி. அதனைத் திரையிற் பார்ப்பவர் மேலாளர். அதற்குச் செய்தி தரவேண்டியவரோ சாயப்பட்டறைக் கண்காணிப்பாளரும், பிரிண்டிங் பட்டறை உரிமையாளரும், தையற்கூடத்தில் நிற்கும் சூப்பர்வைசரும் ஆவர். வாங்குபவர் வேறு, எழுதுபவர் வேறு என்பதால் தேர்வு தவறிவிடுகிறது. ஆதலின், தேர்வைக் கடைசி மனிதரிடமிருந்து தொடங்குவதே முறை.

சாயப்பட்டறைக்காரர் ஒருவர்க்கு ஒரு கம்பெனி மட்டும் வாடிக்கை அன்று. பல கம்பெனிகளின் துணி அவரிடம் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மென்பொருளை வைத்துக்கொண்டு, ‘இதில் பதிவு செய்யுங்கள்’ என்றால் அவர் என் செய்வார்! ஒன்றிலும் பதிவு செய்யார். தொலைபேசியில் கேட்டால், ‘நாளைக்கு வந்துருமுங்க’ என்பது கொங்கு நாட்டிற்கே உரிய பணிவான விடை. அவ்விடையில் பணிவு உண்டு, நாள்தான் இல்லை. ஆகவே கடவுச்சொல் ஒன்றைக் கேட்டு, பத்துக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் கருவி அங்கே பயன்படாது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினாற் போதும், அல்லது ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்னும் இரண்டில் ஒன்றைத் தொட்டாற் போதும் என்னும்படி அமைந்த கருவிக்கே அங்கு இடம் உண்டு. அதுவும் இயலாதெனின், கம்பெனியைச் சார்ந்த ஒருவர் காலையில் இருசக்கர வண்டியில் பட்டறைகளைச் சுற்றிவந்து, கண்ணாற் கண்டதைத் தாமே பதிவு செய்தல் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் மென்பொருளின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும். இச்செலவைக் கணக்கில் சேர்ப்பவர் மிகச் சிலரே.

மொழியும் எண்ணத்தக்கது. தமிழெழுத்து 1991-ஆம் ஆண்டு முதற்கொண்டே யுனிகோடு குறியீட்டில் இடம் பெற்றுள்ளது. ஆதலின் கணினியில் தமிழ் எழுதுவதில் தடை ஒன்றும் இல்லை. எனினும் கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்த மென்பொருள்கள் பல. இன்று திருப்பூர்த் தையற்கூடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தவரும் மிகுதியாக வேலை செய்கின்றனர். அவர்களுள் ஒருவர் சூப்பர்வைசராக உயரும்பொழுது, தமிழ் மட்டும் அறிந்த கருவியும் அவருக்கு அயலானதே. எழுத்தைக் குறைத்து, நிறத்தாலும் எண்ணாலும் செய்தியைக் காட்டும் திரையே இத்தகைய இடத்திற்கு ஏற்றது.

விலையைப் பார்க்கும்பொழுதும் கண்கள் இரண்டும் திறந்திருத்தல் வேண்டும். இக்காலத்து மென்பொருள்கள் பெரும்பாலும் விற்கப்படுவதில்லை; ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகைக்கு விடப்படுகின்றன. ஐந்து பேர்க்குச் சிறு தொகையாகத் தோன்றுவது, பட்டறைக்காரரையும் சேர்த்து ஐம்பது பேர் ஆகும்பொழுது பெருந்தொகையாகிவிடும். செலவைக் குறைக்க எண்ணி ஒரே பெயரில் பலர் நுழைவதும் நடைபெறுகிறது. அப்பொழுது எவர் எதனைப் பதிவு செய்தார் என்பது தெரியாமற் போகும். கருவி வாங்கியதன் நோக்கமே கெடும். வாடகை நிறுத்தப்பட்டால் உள்ளே இருக்கும் பழைய ஆர்டர்க் கணக்குகள் என்னாகும், அவற்றை விரிதாளாக வெளியே எடுத்துக்கொள்ள இயலுமா என்பதை வாங்கும் முன்னரே கேட்டறிதல் நலம். வீட்டை விட்டு வெளியேறும்பொழுது பாத்திரங்களை எடுத்துச் செல்ல இசையாத வீட்டுக்காரரிடம் குடிபோவார் உளரோ?

பெரிய நிறுவனங்கள் தவறமாட்டா என்று கருதவேண்டா. அமெரிக்காவில் ஹெர்ஷி என்னும் இனிப்பு நிறுவனம், பெரும்பொருட் செலவில் வாங்கிய புதிய மென்பொருள் தொகுதியை 1999-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நாட்டில் அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் விழாவே இனிப்பு விற்பனைக்கு உரிய பெரும் பருவம். கிடங்கு நிறைய மிட்டாய் இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அந்நிறுவனத்தால் உரிய காலத்தில் அனுப்ப இயலவில்லை. காலணியும் ஆடையும் விற்கும் நைக்கி நிறுவனம், எவ்வகைப் பொருள் எத்தனை விற்கும் என்று கணித்துக் கூறும் மென்பொருளை 2000-ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. விலைபோகாத காலணிகள் மிகுதியாகவும், மக்கள் விரும்பியவை குறைவாகவும் செய்யப்பெற்றன. விற்பனையில் சுமார் 10 கோடி டாலர் குறைந்தது என்று 2001 பிப்ரவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. இவ்விரு நிறுவனங்களும் அவ்விழப்பைத் தாங்கி நின்றன. முதலிபாளையத்தில் நாற்பது எந்திரங்களை வைத்து நடத்துபவர், ஒரே ஒரு பருவம் தவறினாலும் தாங்கமாட்டார்.

போலாரிஸ் திட்டத்தைப் பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டும். அத்திட்டம் குறித்த காலத்திற்கு முன்னரே வெற்றி பெற்றது. பெர்ட் முறையின் புகழும் அதனால் உலகெங்கும் ஓங்கிற்று. பின்னர் அதனை ஆராய்ந்து 1972-இல் நூல் வெளியிட்ட ஹார்வி சபோல்ஸ்கி என்னும் அறிஞர், உள்ளே வேலை செய்தவர்கள் அப்படங்களைப் பெரிதும் நம்பி நடக்கவில்லை என்றும், வெளியார் கேள்விகளுக்கு விடையாகவே அவை மிகுதியும் பயன்பட்டன என்றும் எழுதினார். திருப்பூரிலும் இவ்விரு வகைக் கருவிகள் உண்டு. வாங்குவோர் ஆலையைப் பார்வையிட வரும்பொழுது காட்டுவதற்காகத் திரையில் ஒளிரும் படம் ஒன்று. வேலை நடப்பதற்காக எவரோ துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கும் கணக்கு மற்றொன்று. இரண்டிற்கும் வேறுபாடு மிகுந்தால், நம்பத்தக்கது துண்டுத்தாளே. புதிய மென்பொருள் வந்து ஆறு திங்கள் கழிந்த பின்னும் சட்டைப்பையில் துண்டுத்தாள் இருக்குமாயின், அம்மென்பொருள் தோற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லார்க்கும் கணினி வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆர்டர்களை மட்டும் நடத்தும் சிறு கூடத்திற்குச் சுவரில் மாட்டிய கரும்பலகை போதும். தையற்கூடங்களில் வரிசைதோறும் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் தைத்த எண்ணிக்கையைச் சுண்ணத்தால் எழுதுவர். தைப்பவர், மேற்பார்ப்பவர், முதலாளி ஆகிய மூவரும் ஒரே சமயத்தில் அதனைக் காண்கின்றனர். பல இலட்சம் ரூபாய் மென்பொருளிலும் இவ்வெளிப்படைத் தன்மை எளிதில் வாய்ப்பதில்லை.

எத்தகைய கருவியும் கூறவியலாத இடர்களும் உள்ளன. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததன் விளைவாக, 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பெற்றன. எந்த நாட்கணக்கிலும் அந்நாள் குறிக்கப்பெறவில்லை. எனினும் அத்தகைய நாளில், தம் துணி எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ இருக்கிறது, எது சாயமேறியது, எது ஏறாதது என்பதை அன்று மாலைக்குள் அறிந்தவர், மறுநாளே வேறு ஊர்ச் சாயப்பட்டறைகளைத் தேடிப் புறப்பட இயலும். அறியாதவர் முதலில் தம் துணியையே தேடவேண்டியிருக்கும். 2020 மார்ச்சில் கொரோனா நோயால் நாடு முழுதும் அடைக்கப்பட்டபொழுதும் இந்நிலையே நேர்ந்தது.

கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்கும் முறை உண்டு. ஆர்டர்கள் குவியும் பருவத்தில் அதனைத் தொடங்குதல் ஆகாது. முன்னரே பலமுறை செய்து பழகிய, அளவிற் சிறிய ஆர்டர் ஒன்றைத் தேர்ந்து, அதனை மட்டும் புதிய மென்பொருளிலும் பழைய குறிப்பேட்டிலும் ஒருங்கே நடத்தவேண்டும். பின்னல், சாயம், பிரிண்டிங், தையல் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் செய்தி தரப்போகின்றவரே அதனைக் கையாளவேண்டும். கணினி கற்ற இளைஞர் ஒருவர் அவர்கள் சார்பில் எழுதிவிட்டால் அது சோதனை ஆகாது. மின்சாரம் நின்றபொழுதும், இணையம் கிடைக்காதபொழுதும் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். வாரத்திற்கு ஒருமுறை குறிப்பேட்டையும் திரையையும் அருகருகே வைத்து நாட்களை ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் நன்று. ஒவ்வாத நாள் ஒன்று தென்பட்டால், அறையில் இருந்தபடியே வாதிடாமல், வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்கே சென்று, துணி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும்.